ஊசி போடத் தெரியாதவருக்கும் மருத்துவமனையில் வேலை உண்டா?

கேள்வி: உயிரியல் பட்டதாரி நான். மருத்துவமனையில் வேலை செய்ய ஆசை. ஆனால் ஊசி, ரத்தம் எனக்கு ஆகாது. நிர்வாகம், மருத்துவப் பதிவேடு என்கிறார்களே, அதில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிர்வாகத்தில் நாள் முழுக்க மனிதர்களோடுதான் வேலை: படுக்கை ஒதுக்கீடு, ஷிப்ட், காப்பீடு, புகார். பேச்சில் நிதானம் உள்ளவர்களுக்கு அது சரி.

பதிவேட்டு வேலை வேறு ரகம்: நோயாளியின் ஆவணங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது. நான் பல வருடம் பார்த்தது அதைத்தான், அதனால் பாசம் கொஞ்சம் அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் ‘சர்க்கரை நோய்’ என்று மட்டும் எழுதியிருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இலோ முதல் வகைக்கு இ10, இரண்டாம் வகைக்கு இ11. அதிலும் சிறுநீரகம் பாதித்திருந்தால் இ11.2, சிக்கல் எதுவும் இல்லையென்றால் இ11.9. பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். அப்படியும் தெளியவில்லையா, டாக்டரிடமே கேட்டுவிட வேண்டும். நாமாக ஊகிக்கவே கூடாது. காப்பீட்டுத் தொகையும் நோய்ப் புள்ளிவிவரமும் இந்தக் குறியீட்டை நம்பித்தான் இருக்கின்றன.

2022-இல் அந்தப் பட்டியலின் புதிய பதிப்பான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்துவிட்டது. எல்லா நாடுகளும் இன்னும் மாறவில்லை என்பதால் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உயிரியல் இங்கே வீண்போகாது.

அப்புறம், படிப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நோயாளிகளின் ரகசியம் காக்கும் இடம், விடாமலும் போகலாம். அப்படியானால் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் அரை மணி நேரமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள்.