மைனஸ் 150, பிளஸ் 130: இது என்ன கணக்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்களுக்கு மொபைல் ஆப்பில் பந்தயம் கட்டுகிறார்கள். ‘இந்த வாரம் 3 யூனிட் லாபம்’ என்கிறார்கள். யூனிட் என்றால் என்ன சார்? ஒரு அணிக்கு –150, எதிரணிக்கு +130 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? ஜெயிக்கிற அணியாகப் பார்த்துக் கட்டினால் ஆபத்து குறைவுதானே? 1,000 டாலர் ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். கிரெடிட் கார்டில் 2,400 டாலர் பாக்கி உண்டு, வட்டி 24%.

பதில்: கார்டு பாக்கியைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். நானும் கடைசியிலேயே அதற்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த –150, +130 ‘மனிலைன்’ பந்தயத்துக்கானவை. மனிலைன் என்பது யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு மட்டும் கட்டும் பந்தயம். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பது கணக்கில்லை. மைனஸ் போட்டிருப்பது ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணி. –150 என்றால், 100 டாலர் லாபம் பார்க்க 150 கட்ட வேண்டும். +130 என்றால், 100 கட்டி ஜெயித்தால் லாபம் 130. அதே –150ல் 10 டாலர் கட்டினால் ‘பேஅவுட் 16.67’ என்று ஆப் காட்டும். அதில் 10 டாலர் நீங்கள் போட்டதுதான். லாபம் 6.67.

–150ல் கையைக் கடிக்காமல் இருக்க 100க்கு 60 முறை ஜெயிக்க வேண்டும்: 150ஐ 250ஆல் வகுத்துப் பாருங்கள். +130க்கு 43.5 முறை. இரண்டையும் கூட்டினால் 103.5. ஒரே ஆட்டத்துக்கு 100க்கு மேல் எப்படி வரும்? அந்த மூன்றரையில்தான் பந்தய நிறுவனத்தின் பிழைப்பு ஓடுகிறது. கமிஷன் என்று தனியாக எங்கும் எழுதியிருக்காது.

ஜெயிக்கிற அணிக்கே கட்டலாம் என்கிறீர்கள். சரி, –300ல் பத்து ஆட்டம், ஆட்டத்துக்கு 10 டாலர். ஏழில் ஜெயித்தால் 23.33 வரும், மூன்றில் தோற்றால் 30 போகும். பத்துக்கு ஏழு ஜெயித்தும் நஷ்டம்!

யூனிட் என்பது பந்தயத்துக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் 1%. உங்கள் 1,000க்கு அது 10 டாலர். நண்பரின் 3 யூனிட் 30 டாலரா 300ஆ என்று கேளுங்கள். அப்படியே போன வாரக் கணக்கையும் கேளுங்கள். யூனிட் வைத்து ஆடினால் பணம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று திடீரென 5 யூனிட் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பயனும் இல்லை.

2018 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உங்கள் மாநிலத்தில் இது சட்டப்படி செல்லும். அந்த வழக்கை நடத்தி ஜெயித்ததே நியூ ஜெர்சிதான். ஆனால் ஜெயித்த பணம் மத்திய வரிக்கு வருமானம். தோற்றதைக் கழிக்க, விலக்குகளை இனம் இனமாகக் காட்டித் தாக்கல் செய்ய வேண்டும். 2026 முதல் அப்படியும் 90% தான் கழியும். 10,000 ஜெயித்து 10,000 தோற்றவர் 1,000 டாலருக்கு வரி கட்டுவார்.

இனி கார்டு. அந்த 1,000ஐ அங்கே கட்டினால் வருஷத்துக்குச் சுமார் 240 டாலர் வட்டி மிச்சம். மீதியையும் அடைத்து முடியுங்கள். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால், சினிமா டிக்கெட் மாதிரி மாதம் 20 டாலர், யூனிட் 1 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் ‘3 யூனிட் லாபம்’ என்று நீங்களும் சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள்?