வேலை தேடித் தரும் ஏஐ-யிடம் எதையெல்லாம் கொடுக்கலாம்?

கேள்வி (வாசகி, ஈரோடு): பி.காம். முடித்து ஒன்றரை வருஷமாக வேலை தேடுகிறேன். நமக்குப் பதிலாக ஏஐ-யே தினமும் ஐம்பது கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடும் என்று ஒரு சேவையில் சேர்ந்தேன். ரெஸ்யூமே கொடுத்துவிட்டேன், இப்போது என் ஜிமெயிலைப் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது பல கம்பெனித் தளங்கள் மெயிலுக்கு ஒரு ஓடிபி அனுப்பும், அதை நீங்கள் பார்த்துப் போடும்வரை காத்திருக்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளவும், இன்டர்வியூ அழைப்பு வந்தால் பிரித்துக் காட்டவும்தான் அது அனுமதி கேட்கிறது. காரணம் சரிதான். ஆனால் உங்கள் ஜிமெயிலில் பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்கும் அங்கேதான் வந்து விழுகிறது. ஓடிபி எடுக்க வருகிறவருக்கு வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுப்பானேன்?

வேலை தேடுவதற்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் தொடங்குங்கள், பத்து நிமிஷ வேலை. அதில் வேறு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், கேட்கிற அனுமதியைத் தைரியமாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஓகே அழுத்தியிருந்தால் கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும், அங்கே போய் நீக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு படிக்க முடியாது, ஆனால் அதற்கு முன் எடுத்துவைத்தது அவர்களிடமேதான் இருக்கும். லிங்க்ட்இன் பாஸ்வேர்டு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தானாக இயங்கும் மென்பொருளைத் தன் தளத்தில் ஓட்டக் கூடாது என்று லிங்க்ட்இன் விதியே இருக்கிறது, மாட்டினால் முடங்குவது உங்கள் கணக்குதான்.

கேள்வி (பெயர் வேண்டாம், திண்டுக்கல்): ரெஸ்யூமேயில் அப்படி என்ன ரகசியம்? நாலு பேரிடம் கொடுப்பதற்காகத்தானே அதை எழுதுகிறோம்?

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் ஒரு வாசகர் திருத்தித் தரச் சொல்லித் தன் ரெஸ்யூமேயை அனுப்பினார். இரண்டு பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், கல்யாணம் ஆனவரா இல்லையா, கதவு எண்ணோடு வீட்டு முகவரி, பாஸ்போர்ட் எண், கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் செல் நம்பர், கடைசியில் மேற்கண்டவை உண்மை என்ற உறுதிமொழி, அதன்கீழ் ஸ்கேன் செய்த கையெழுத்து. மனசு பதறிவிட்டது. வேறொருவர் அவர் பெயரில் கடன் வாங்க நினைத்தால் தேவைப்படுகிற விவரங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு பக்கத்திலேயே இருந்தது. இதில் அந்தப் பேராசிரியரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

முன்பு இதே தாள் பத்து கம்பெனிக்குப் போகும், பாதி குப்பைக்கூடையில் விழும். இப்போது ஏஐ சேவை அதை வரி வரியாகப் பிரித்துத் தன் சர்வரில் வைக்கிறது, கவர் லெட்டர் எழுதுவதற்காகப் பல நேரம் வேறொரு கம்பெனியின் மொழி மாடலுக்கு (சொன்னதை எழுதித் தரும் ஏஐ) அனுப்புகிறது, அப்புறம் ஒவ்வொரு கம்பெனியின் விண்ணப்ப மென்பொருளிலும் ஒரு பிரதி போய் உட்கார்ந்துகொள்கிறது. அதில் எந்த இடத்தில் பூட்டு சரியில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு ஆள் எடுக்கும் மெக்ஹயர் தளத்தில் ஒலிவியா என்ற சாட்பாட்தான் விண்ணப்பதாரர்களிடம் பேசும், அதைச் செய்து கொடுத்தது பாரடாக்ஸ் டாட் ஏஐ என்ற கம்பெனி. இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அங்கே மறந்துபோய்க் கிடந்த ஒரு சோதனைக் கணக்கில், யூசர் நேம் 123456, பாஸ்வேர்டும் 123456 என்று போட்டு உள்ளே போய்விட்டார்கள். விண்ணப்ப எண்ணை ஒன்று குறைத்தால் இன்னொருவரின் பெயர், மெயில், போன் நம்பர், சாட்பாட்டோடு அவர் பேசியது எல்லாம் திரையில் வந்தது. அந்த எண்கள் 6.4 கோடிக்கும் மேலே போயின. சொன்னதும் சரிசெய்துவிட்டார்கள், நல்லவேளை முதலில் பார்த்தவர்கள் நல்லவர்கள்.

அதனால் பெயர், ஊர், போன், மெயில், படிப்பு, அனுபவம் போதும். மற்றதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): இப்படி ஒரு சேவையில் இருந்த கணக்கை என் மகன் டெலிட் செய்துவிட்டான். விவரங்களும் அத்தோடு போய்விட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா? சட்டம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது ஐயா. ஆப்பை நீக்குவது வேறு, கணக்கை மூடுவது வேறு, விவரங்களை அழிக்கச் சொல்வது வேறு. மூன்றாவதைத் தனியாக, எழுத்தில் கேட்க வேண்டும். அவர்களே அழித்தாலும் ஏற்கெனவே இருநூறு கம்பெனிகளுக்குப் போன விண்ணப்பங்கள் அந்தந்த கம்பெனியிடம்தான் இருக்கும், அதைத் திரும்ப வாங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக எழுத வேண்டும். எங்கெங்கே விண்ணப்பம் போனது என்ற பட்டியலைக் கணக்கை மூடும் முன்பே எடுத்துவைத்திருந்தால் நல்லது.

சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். அது வந்த பிறகு கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம், எதற்காக விவரம் கேட்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் படிக்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தருகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது பொருந்தும், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்: மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று ஒரு பெண்ணின் போனில் உள்ள கான்டாக்ட் பட்டியலையும் கேட்கிறது, அவரும் சரி என்கிறார், ஆனாலும் ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குச் செல்லாது. வேலை ஆப் கான்டாக்ட் பட்டியல் கேட்டாலும் இதே கணக்குதான்.

கேள்வி (வாசகர், ஓசூர்): கம்பெனிகள் கணக்கு வழக்குக்குப் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருள் எனக்குத் தெரியாது. தெரியும் என்று ஏஐ விண்ணப்பத்தில் போட்டுவிட்டது. இன்டர்வியூவே வந்துவிட்டது!

பதில்: இன்டர்வியூவுக்கு முன்பே எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுத் திருத்தம் சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம். உங்கள் பெயரில் போனதால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். தானாக அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டு, சம்பளம், நோட்டீஸ் பீரியட், அனுபவ வருஷம் இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): ஆதார், பான் இரண்டையும் அப்லோடு செய்தால்தான் "வெரிஃபைடு" ஆக முடியும் என்கிறதே?

பதில்: விண்ணப்பிக்கும் கட்டத்தில் இரண்டும் தேவையில்லை. ஆஃபர் லெட்டர் வந்து, வேலையில் சேரும்போது கம்பெனியிடம் நேராகக் கொடுத்தால் போதும். அப்போதும் முதல் எட்டு எண்கள் மறைந்திருக்கும் மாஸ்க்டு ஆதாரை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஆதார் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" என்று யாராவது போன் செய்து பணமும் வாங்கியிருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.