தேர்வை ‘கொடுப்பதா’, ‘எடுப்பதா’? ஆங்கில எழுத்து: கேள்வி-பதில்

கேள்வி: தேர்வு எழுதினேன் என்பதற்கு ‘ஐ கேவ் தி எக்ஸாம்’ எனலாமா?

வெளிநாட்டுக்குப் போகும் விண்ணப்பத்தில் வேண்டாம். தேர்வு வைத்த ஆசிரியரே நீங்கள்தான் என்று அங்கே புரிந்துகொள்வார்கள். ‘டுக் தி எக்ஸாம்’ எங்கும் செல்லும். பிரிட்டனில் ‘சாட்’ என்பதும் வழக்கு. ஆனால் ‘டுக்’ என்றால் தேறியதாகப் பொருளில்லை. அதற்கு ‘பாஸ்ட்’ என்றே எழுதவேண்டும்.

கேள்வி: ‘டேக் எ டிசிஷன்’ தவறா?

இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘மேக்’ என்பார்கள். அது யாருக்கும் உறுத்தாது.

கேள்வி: ‘டூ’, ‘மேக்’ இரண்டுமே ‘செய்’தானே? எதை எங்கே எழுதுவது?

வேலையைச் செய்தால் ‘டூ’, புதிதாக ஒன்றை உண்டாக்கினால் ‘மேக்’ என்று சொல்லித் தருவார்கள். ஹோம்வொர்க், ரிசர்ச் போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஃபேவர், டேமேஜ் என்று வந்தால் உதவாது. அவற்றுக்கும் ‘டூ’தான். மிஸ்டேக், ப்ராக்ரஸ், ரிக்வெஸ்ட், கம்ப்ளெயின்ட் நான்கும் ‘மேக்’கோடு வரும். ஆகவே பெயர்ச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். வினையோடு சேர்த்தே குறித்துவையுங்கள்.

பெரும்பாலான பிழைகள் தமிழ் வினையை அப்படியே கொண்டுபோவதால் வருபவை. ‘முயற்சி எடுத்தோம்’ என்பது ‘வீ டுக் எஃபர்ட்ஸ்’ ஆகிவிடுகிறது. ‘வீ மேட் அன் எஃபர்ட்’ என்பதே சரி. ‘இட் டேக்ஸ் எஃபர்ட்’ மட்டும் பிழையில்லை, ஏனென்றால் அங்கே எழுவாய் ஆள் இல்லை, வேலை. பொய்க்கு ‘சே’ வராது, ‘டெல்’ வரும். ‘கையெழுத்துப் போட்டேன்’ என்பதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘ஐ சைன்ட்’ போதும்.

கேள்வி: மீட்டிங் ‘போட்டதை’ எப்படி எழுதுவது?

நடத்தியவர்கள் ‘ஹெல்ட்’, தலைமை வகித்தவர் ‘சேர்ட்’, வந்திருந்தவர்கள் ‘அட்டெண்டட்’. அறிக்கையில் இந்த மூன்றையும் குழப்பினால் யார் பொறுப்பு என்பதே மாறிவிடும்.

கேள்வி: நானே சரிபார்க்க வழி உண்டா?

கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியில் வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உரிய வினை கிடைக்கும். இணையத்தில் தேடினால் தொடரை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். எத்தனை முடிவுகள் என்ற எண்ணிக்கையை நம்பவேண்டாம். பிழையான தொடருக்கும் ஆயிரக்கணக்கில் வரும். முதல் சில வாக்கியங்கள் எந்த நாட்டு நாளிதழிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வந்தவை என்று பாருங்கள்.