ஊசியில் கரண்ட் வைத்தால் வலி எப்படிக் குறைகிறது?

செல்லூரில் தறி ஓட்டும் அப்பாவுக்கு இடுப்புவலி, அக்குபங்சர் ஊசி குத்தி அதில் கரண்ட் வைக்கிறார்கள், மருந்தில்லாமல் வலி எப்படிக் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து இருக்கிறது, அவர் உடம்பே அதைச் சுரக்கிறது.

இடுப்பிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்பு, தண்டுவடத்தின் பின்பகுதியில் அடுத்த நரம்பிடம் சேதியை ஒப்படைக்கிறது. ஊசிவழி வரும் மின்துடிப்பு, மார்ஃபின் (morphine) என்ற வலிமருந்து போல வேலை செய்யும், ஓபியாய்டு எனப்படும் உடம்பின் சொந்த வலியடக்கிகளை அங்கே சுரக்க வைக்கிறது. கொடுக்கும் நரம்பு குறைத்துக் கொடுக்கும், வாங்கும் நரம்பு மந்தமாகும்.

இதில் அருமையான விஷயம் துடிப்பின் வேகம். பீஜிங்கில் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் குழு எலிகளில் கண்டது: நொடிக்கு 2 துடிப்பு என்றால் என்கெஃபலின் என்ற ஓபியாய்டு, 100 என்றால் டைனார்ஃபின் என்ற இன்னொரு ஓபியாய்டு சுரக்கிறது. ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்ஸோனைக் கொடுத்தால் வலி திரும்புகிறது. 100-க்கு மட்டும் அந்த மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த இரண்டு ஓபியாய்டும் சேர்ந்து கிடைக்கத்தான் பல மெஷின்களில் வேகம் மாறி மாறி வருகிறது. அப்பாவிடம் கேளுங்கள், கொஞ்ச நேரம் சதை மெதுவாகத் துள்ளும், அப்புறம் விர்ரென்று இருக்கும் என்பார்.

பலன் ஆளுக்கு ஆள் மாறும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஊசியை விட்டுவிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.