பழைய வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துச் சாளையில் 1967 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வெறும் பாடி பல வருடமாகக் கிடக்கிறது. எஞ்சின், கதவு, பானட் எல்லாம் கழற்றித் தனியாக வைத்திருக்கிறோம். கதவுக்கடியில் இரண்டு பக்கமும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தால் போதும், ஒரு வாரத்து வேலை என்கிறார் டிங்கர். செய்யச் சொல்லலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தயவுசெய்து இப்போது வெட்ட வேண்டாம். கிரைண்டர் தகட்டில் படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இந்தக் காரைக் காப்பாற்றும்.

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் சேசிஸ். கூரையும் இல்லாததால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே வண்டியைத் தாங்குவது கதவுக்கடியில் ஓடும் சில் பெட்டிகளும் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் டனலும்தான். அந்தச் சில் ஒற்றைத் தகடு அல்ல. உள் சில், நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, வெளிச் சில் என்று மூன்றும் சேர்ந்து மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஸ்பாட் வெல்டாகிப் பெட்டியாகின்றன. அவற்றுக்கு அடியில் காசில் செக்‌ஷன் என்ற இன்னொரு மடிப்புத் தகடு. வெளியே ஓட்டை தெரிகிறதென்றால் நடுத்தகட்டின் அடிப்பாகம் பெரும்பாலும் ஏற்கெனவே போயிருக்கும். முட்டுக் கொடுக்காமல் இவற்றை வெட்டினால், தீப்பெட்டியின் உள்தட்டை உருவிய பிறகு கூடு நசுங்குவதுபோல் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வெல்டு அடித்துவிட்டால் கதவு என்றைக்கும் சரியாகச் சாத்தாது. பிறகு திருத்த வேண்டுமென்றால் புதுச் சில்லையே மறுபடி வெட்ட வேண்டும்.

முதலில் பாடியைச் சமதளத் தரையில், நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன்னால் கிராஸ் மெம்பர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பூட்டும் இடங்களிலும், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடங்களிலும் தாங்கல் இருக்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம் துருவோடு சேர்ந்தது; அங்கே வைக்காதீர்கள். தண்ணீர் டியூப் வைத்து நான்கு முனையும் ஒரே மட்டமா என்று பாருங்கள். பிறகு முன் கிராஸ் மெம்பர் போல்ட் ஓட்டையிலிருந்து எதிர்ப்பக்கப் பின் ஸ்பிரிங் மவுண்டு வரை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ-க்கு மேல் போனால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. அப்படியானால் அதை இழுத்துச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

அடுத்தது முட்டு. ஒரு அங்குலச் சதுரப் பைப், 2 மி.மீ. கனம் போதும். கதவுக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, குறுக்காக ஒன்று. வண்டிக்குக் குறுக்கே இரண்டு கீல் தூண்களுக்கும் இடையில் ஒன்று, இரண்டு பூட்டுத் தூண்களுக்கும் இடையில் ஒன்று. கதவு சாத்தும் பாதைக்கு உட்புறமாகவே முட்டுகளை வைக்கச் சொல்லுங்கள். முட்டு இருக்கும்போதே கதவை மாட்டிச் சாத்திப் பார்க்க முடிய வேண்டும், ஏனென்றால் இந்த வேலை முழுவதற்கும் கதவுதான் அளவுகோல். சுற்றிலும் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி சீராக வர வேண்டும். எஞ்சினும் ஆளும் ஏறிய பிறகு கதவின் பின்பக்க மேல் மூலையில் இடைவெளி லேசாகச் சுருங்கும். அந்த இடத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக விட்டு வையுங்கள்.

பிறகே வெட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். அதை முழுவதும் முடித்து, கதவை மாட்டிப் பார்த்த பிறகே மறுபக்கம். எம்ஜிபியின் முன் விங் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) போல்ட்டில் நிற்பது, அதனால் கழற்றிவிடலாம். பின் விங் வெல்டானது. வெளிச் சில்லின் பின்முனை அந்தப் பின் விங்குக்கு உள்ளே ஓடுவதால், விங்கின் அடிப்பகுதியையும் வெட்டித்தான் முழுச் சில்லையும் போட முடியும். அவசரக்காரர்கள் செய்யும் தப்பு இங்கேதான்: தெரிகிற நீளத்துக்கு மட்டும் தகடு ஒட்டி, இரு முனையையும் பட்டி வைத்து மூடிவிடுவது. பார்வைக்குப் புதுச் சில். பாரம் தாங்க ஒன்றும் இல்லை. காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது.

உட்பக்கத் தகடுகளுக்கு 1.2 மி.மீ. சிஆர் ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) வாங்குங்கள். கால்வனைஸ் தகடு வேண்டாம். வெல்டு அடிக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் குளிரையும் கொண்டுவரும், வெல்டிலும் துளை விழும். காசில் செக்‌ஷன் போன்ற நீள மடிப்புகளை, பஸ் பாடி கட்டும் கரூர்ப் பக்கத்துப் பட்டறைகளின் பெண்டிங் மெஷினில் சுத்தமாக மடித்துக்கொள்ளலாம். வெளிச் சில்லையும் பின் விங் அடிப்பகுதியையும் மட்டும் அச்சில் அடித்ததாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது நல்லது. அந்த வளைவு கையால் தட்டி வருவது கடினம். (முழு எம்ஜிபி பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே செய்து விற்கிறது; உதிரித் தகடுகளும் அங்கிருந்து வருகின்றன.) விளிம்புகளில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, 30 மி.மீ-க்கு ஒன்றாக மிக் வெல்டில் (கம்பிச் சுருளிலிருந்து தானாக வயர் வரும் மின் வெல்டிங்) நிரப்பச் சொல்லுங்கள். வயர் 0.8-க்கு மேல் வேண்டாம், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. வரிசையாக அடிக்காமல் இங்கொன்று அங்கொன்றாக அடித்தால்தான் சூட்டில் தகடு முறுக்காது. கேஸ் வெல்டிங்கை இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

சாண்ட் பிளாஸ்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. தரை, வீல் ஆர்ச், எஞ்சின் அறை ஆகியவற்றுக்கு அது சரி. கதவுத் தோல், பூட் மூடி போன்ற அகலத் தகட்டில் அடித்தால் அலை அலையாக நெளியும், திரும்ப வராது. அங்கே பெயின்ட் ரிமூவர்தான். உங்கள் 1967 வண்டியின் பானட் அலுமினியம். பட்டறைகளில் பழைய பெயின்ட் எடுக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடும் பழக்கம் உண்டு. இந்தப் பானட்டைப் போட்டால் அலுமினியமே கரையும். டிங்கரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய ஃபியட்டுக்குப் போன வருடம் முழுப் பெயின்ட் அடித்தேன். முதல் மழைக்கே கதவிலும் பானட்டிலும் குண்டூசித் தலை அளவுக்குக் கொப்புளம். பெயின்ட் மட்டமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். அடியில் தண்ணீர் இருந்திருக்கிறது. நம் பட்டறைகளில் நடக்கும் வரிசையைப் பாருங்கள்: வெறும் தகட்டில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பட்டி, பட்டியை வாட்டர் பேப்பரில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது. சாதா ரெட் ஆக்சைடு ஈரத்தைத் தடுக்காது. பட்டி ஈரத்தைக் குடிக்கும். மேலே கலர் அடித்து மூடியதும் உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்புகிறது.

கொப்புளத்தை மட்டும் சுரண்டி மறுபடி அடித்தால் அடுத்த மழைக்கும் அதே கதைதான். தகடு வரை போங்கள். 80 நம்பர் பேப்பரில் உலர்வாகத் தேய்த்து, கிரீஸ் ரிமூவரில் துடைத்து, அன்றைக்கே இரண்டு கோட் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் ரகம்) எபாக்சி ப்ரைமர் அடிக்க வேண்டும். துரு நீக்கும் ஆசிட் போட்டிருந்தால் அதை முழுக்கக் கழுவி உலர்த்திய பிறகே எபாக்சி. ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்சி பிடிக்காது. எபாக்சி காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, அதன்மேல்தான் பட்டி, 2 மி.மீ-க்குள். பட்டியைத் தேய்ப்பது எப்போதும் உலர்வாக. தண்ணீர்த் தேய்ப்பு, மேலே 2கே ஃபில்லர் ப்ரைமர் அடித்த பிறகு மட்டும்.

கம்ப்ரசரையும் பாருங்கள். டாங்கிலிருந்து நேராக ஸ்ப்ரே கன்னுக்கு ஹோஸ் போனால் காற்றோடு தண்ணீரும் போகும். நடுவே சரிவாக ஏழெட்டு மீட்டர் ஜிஐ பைப் ஓடவிட்டு, முனையில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் டிராப் வையுங்கள். காற்று பைப்பில் குளிர்ந்தால்தான் தண்ணீர் பிரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் மண் பறக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம். தை முதல் பங்குனி வரை கலர் அடிக்க நல்ல காலம். பங்குனி வெயிலுக்கு ஸ்லோ தின்னர் போடச் சொல்லுங்கள். 2கே பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அடிப்பவர் மூக்கில் துண்டு கட்டினால் போதாது, வெளிக்காற்று வரும் மாஸ்க் கட்டாயம். நுரையீரல் ஒருமுறை ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால் அவர் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும்.

கேள்வி: எம்ஜிபி எஞ்சினும் அம்பாசடர் எஞ்சினும் ஒன்றுதான், அம்பாசடர் பிஸ்டனையே போட்டு ஓட்டலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: குடும்பம் ஒன்று, அளவு வேறு. இரண்டுமே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் 88.9 மி.மீ. ஆனால் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., எம்ஜிபியின் 1798 சிசியில் 80.26 மி.மீ. பிஸ்டன் சேரவே சேராது. அம்பாசடர் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங். எம்ஜிபிக்கு 1964 கடைசியிலிருந்து ஐந்து. ஆனாலும் அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்குக் கிடைக்கும் லாபம் பெரியது: பிரித்துச் சேர்க்கும் முறை, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்கும் முறை எல்லாம் அதேதான். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு, அதாவது இரண்டு வால்வு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: 1-ஆம் வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது 8-ஐ வையுங்கள், 3 அமுங்கும்போது 6-ஐ. எம்ஜிபிக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.38 மி.மீ.

இறுகிப்போன எஞ்சினைச் செல்ஃப் அடித்தோ வண்டியைத் தள்ளியோ சுற்ற முயலாதீர்கள். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரில் டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் சம அளவு ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். பிளாக் பக்கவாட்டிலுள்ள கோர் பிளக்கை (தண்ணீர் வழியை மூடும் வட்டத் தகட்டு மூடி) கழற்றி, பின்பக்க சிலிண்டரைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் சேற்றைக் கம்பியால் நோண்டி எடுப்பது மிக முக்கியம். போரிங் எல்லாம் சரியாகச் செய்தும் நம் வெயிலில் சூடேறும் எஞ்சின்களில், ரேடியேட்டரைச் சந்தேகிக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நாட்டில் 2000-இல் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் எக்சாஸ்ட் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. ஹெட் கையில் இருக்கும்போதே எக்சாஸ்ட் பக்கம் மட்டும் ஹார்டு சீட் இறக்கிவிடுங்கள். கோவையில் இதைத் துல்லியமாகச் செய்யும் ஹெட் பட்டறைகள் உண்டு. சீட்டுக்குக் குடையும்போது ஆழம் கூடினால் தண்ணீர் ஜாக்கெட் உடையும். வால்வுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று முதலில் கிராக் டெஸ்ட் செய்யுங்கள். விரிந்த ஹெட்டுக்குச் சீட் போடுவது வீண் செலவு.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எம்ஜிபியின் எஸ்யூ கார்புரேட்டரில் ஒரு படி ரிச்சான (பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாக விடும்) நீடில் தேவைப்படும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கைக் காலி செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேள்வி: எம்ஜிபிக்குப் பிரேக் பைப் நட்டு கிடைக்கவில்லை. லேத்தில் எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) நட்டு கடைந்து போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: கூடவே கூடாது. அந்த வண்டிகளில் பிரேக் நட்டு 3/8 அங்குலம் யுஎன்எஃப் (அங்குல அளவின் நெருக்கப் புரி), அங்குலத்துக்கு 24 புரி. அதாவது விட்டம் 9.525 மி.மீ., புரிக்குப் புரி இடைவெளி 1.058 மி.மீ. எம்10-இன் ஃபைன் புரி 1.0. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எம்10 நட்டை 3/8 துளையில் முறுக்கி ஏற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் புரி போய்விடும். மாறாக எம்10 துளையில் 3/8 நட்டு லொடலொடவென்று ஏறும், இறுக்கியது போலத் தெரியும், பெடலை ஓங்கி மிதிக்கும் அன்றைக்குப் பிடுங்கிக்கொள்ளும். லேத்காரரிடம் சாம்பிள் நட்டோடு புரி கேஜையும் கொடுத்து 24 என்று எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கிறேன். முன் சஸ்பென்ஷனுக்குக் கிரீஸ் அடித்தும் ஸ்டியரிங் கனமாக இருக்கிறது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கிரீஸ்தான் காரணம். ஹெரால்டின் முன் வெர்ட்டிகல் லிங்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) அடியில் பித்தளை டிரனியன் என்ற தாங்கியில் புரிமேல் சுழல்கிறது. அங்கே போக வேண்டியது கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிட்டால் புரிக்குள் ஈரம் தங்கும், துரு அரிக்கும். கடைசியில் லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கும், பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது. இப்போதே கழற்றுங்கள். லிங்க்கின் புரிக்கு மேல் விளிம்பில் துருக்குழி இருந்தால் அந்த லிங்க்கைத் தூக்கிப் போடுங்கள், வெல்டு வைத்து ஓட்ட வேண்டாம். திரும்ப மாட்டும்போது இடது, வலது டிரனியன்களை மாற்றிவிடாதீர்கள், புரி எதிரெதிர். கடைசி வரை முறுக்கி, லாக் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்த்தி, கன்னில் ஆயில் கசியும்வரை அடியுங்கள்.

கேள்வி: எம்ஜிபியின் 14 அங்குல வயர் வீலுக்கு (கம்பி ஸ்போக் சக்கரம்) டயர் எங்கே கிடைக்கும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: உள்ளூர்க் கடையிலேயே. 165/80 ஆர்14 கேளுங்கள். மாருதி டிசையரின் ஆரம்ப மாடல் வகைகளில் வரும் அதே அளவு. ஸ்போக் துளை வழியாகக் காற்று போகும் என்பதால் டியூப் கட்டாயம். ஹப்புகளை இடம் வலம் மாற்றி மாட்டினால் ஓடும்போதே நடு நட்டு கழலும்.

கேள்வி: ஐம்பது வருடத்துக்கு மேலான காரை முழுதாகப் புதுப்பித்தால் ஆர்சி வாங்க முடியுமா?
– வாசகர், கரூர்

பதில்: முடியும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ரேலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது.

'மாற்றம் கூடாது' என்ற அந்த நிபந்தனைக்காகவே வேலை தொடங்கும் நாளிலிருந்து படம் எடுத்து வையுங்கள்: வெட்டிய தகடு, போட்ட தகடு, எஞ்சின் நம்பர், சேசிஸ் பிளேட். பிளேட்டை வண்டியிலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒட்டியிருக்கும் நிலையில் முதலில் படம் எடுங்கள். எம்ஜி வண்டிகளுக்கு, இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் நம்பரை எழுதினால், வண்டி கட்டிய தேதி, அன்றைய கலர், எஞ்சின் நம்பர் ஆகியவற்றோடு கட்டணத்துக்கு ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். ஆர்டிஓ ஆபீசில் நம்பர் பற்றிச் சந்தேகம் எழும்போது இது கையில் இருக்கட்டும்.