ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்குபவருக்கு எந்தக் கலைச்சொற்கள் முதலில் வேண்டும்?

கேள்வி: முல்லைத்தீவில் ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான கலைச்சொற்கள் உள்ள கையேடு ஒன்று தந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கையேட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள் தம்பி. நான் கிளிநொச்சியில் இந்தப் பாடத்துக்கு ரியூசன் கொடுக்கிறேன். சினெக்டொக்கி (பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிப்பது) வரை பாடமாக்கி வைத்திருந்தும், கண்முன்னால் கிடக்கும் மெற்றபரை, அதாவது உருவகத்தைக் காணாமல் போகிற பிள்ளைகள்தான் அதிகம். பத்துப் பன்னிரண்டு சொற்கள் கைவந்தால் முதல் தவணைக்குப் போதும்.

மெற்றபரில் தொடங்குங்கள். ‘வெயில் நெருப்புப்போல எரிக்கிறது’ என்றால் சிமிலி, அதாவது உவமை. ‘வானம் நெருப்பைக் கொட்டுகிறது’ என்றால் மெற்றபர். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் மெற்றபரும் சிம்பலும் (குறியீடும்) பக்கத்தில் வந்தால் தடுமாறுவார்கள். ஷெல்லடியில் தலை போன ஒரு பனையைப் பற்றிக் கவிதை என்று வையுங்கள். அந்தப் பனை உண்மையிலேயே அங்கே நிற்கிறது. நின்றபடியே இன்னொன்றையும் சொல்கிறது. அது சிம்பல். மேலே சொன்ன நெருப்போ எங்கும் இல்லை, வெயிலைக் காட்டுவதற்காக மட்டும் வந்தது. ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் மெற்றபரின் இரு பக்கத்துக்கும் இரண்டு பெயர் கொடுத்தார்: சொல்லவந்த வெயில் ‘ரெனர்’, அதைச் சுமந்துவந்த நெருப்பு ‘வெஹிக்கிள்’. இரண்டையும் பிரித்துக் காட்டி, இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று ஒரு வசனம் எழுதினால் விடைக்கு உயிர் வரும். பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்வது வீண். உயிரற்றதை ஆளாக்கிப் பேசும் பேர்சொனிஃபிகேஷனும் மெற்றபரின் ஒரு வகைதான்.

அடுத்தது ஓசை. எதுகை மோனை தெரிந்த பிள்ளைகளுக்கு இது சுலபம், ஆனால் வழுக்கும் இடமும் இதுவே. அலிற்றரேஷன் நம் மோனைக்கு நெருக்கம். ரைம் எதுகைபோல இரண்டாம் எழுத்தில் வராது. அடி முடிவில் வரும், ஆகவே இயைபுக்குத்தான் கிட்ட. இன்னொன்று, தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் சேர்ந்தே போவதால் நாம் எழுத்தை நம்பிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘சிற்றி’யும் ‘கற்’றும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிற்றரேஷன் இல்லை. ‘லவ்’வும் ‘மூவ்’வும் கண்ணுக்கு மட்டுமே ரைம். காதால் படியுங்கள்.

அடுத்தது ஐரனி, அதாவது தோற்றம் ஒன்று, உண்மை வேறொன்று என்ற முரண். அதில் பரீட்சைக்கு அதிகம் உதவுவது டிராமற்றிக் ஐரனி: பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது. உங்கள் ஊர்ப்பக்கம் கோவலன் கூத்துப் பார்த்திருப்பீர்கள். சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்று பார்க்கிற சனம் முழுவதற்கும் தெரியும். கோவலனுக்கு மட்டும் தெரியாது. நம்பி அவனிடமே சிலம்பைக் காட்டுகிறான். அந்த இடத்தில் சனத்துக்குள் எழுகிற பதைப்பைத்தான் விடையில் விளக்க வேண்டும். ரோன் எழுதுபவரின் மனப்பாங்கு, மூட் வாசகருக்குள் உண்டாகும் உணர்வு. இதற்கு மேல் அவற்றில் சிக்கல் இல்லை.

வரி உடைப்புக்கு இரண்டு சொல்: வசனம் அடியோடு முடிந்தால் என்ட்-ஸ்ரொப்ட், அடியைத் தாண்டி ஓடினால் என்ஜாம்ப்மென்ற்.

இரணைமடு வான் பாய்கிறது என்று
கனவு கண்டார் பெரியப்பா.

இரணைமடுக் குளம் நிரம்பி வழிகிறது என்று முதல் அடியின் முடிவில் ஒரு கணம் நம்பிவிடுகிறோம் இல்லையா? அந்த ஏமாற்றம்தான் என்ஜாம்ப்மென்ற் செய்த வேலை.

வடிவங்களில் சொனெற் கட்டாயம். 14 அடிகள். பெற்றார்க்கன் வகை 8, 6 எனப் பிரியும். ஷேக்ஸ்பியர் வகை நான்கடிக் கண்ணி மூன்று, கடைசியில் ஈரடி ஒன்று. அவருடைய 154 சொனெற்களின் தொகுப்பு 1609இல் வெளியானது. சிந்தனை திரும்பும் இடத்துக்கு வோல்ற்றா என்று பெயர், அதைத் தேடுங்கள். அப்புறம், பிளாங்க் வேர்ஸும் ஃப்ரீ வேர்ஸும் ஒன்று என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பிளாங்க் வேர்ஸுக்கு ரைம் கிடையாது, ஆனால் மீற்றர், அதாவது அடியின் நிலையான தாளக்கட்டு உண்டு. மில்ற்றன் 1667இல் வெளியிட்ட ‘பரடைஸ் லொஸ்ற்’ அப்படிப்பட்டது. ஃப்ரீ வேர்ஸில் நிலையான மீற்றரும் இல்லை.

மீற்றரைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். நம் நேரசை நிரையசை குறிலையும் நெடிலையும் பார்க்கும். ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்க்கும். ‘பிறெசென்ற்’ பரிசு என்றால் முதல் அசையில் அழுத்தம், வழங்கு என்றால் இரண்டாவதில். அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் சேர்ந்தால் ஐயம்ப். அப்படி ஐந்து சேர்ந்த பத்து அசை அடி ஐயம்பிக் பென்ராமீற்றர். பேச்சில் ஆங்கிலம் அதிகம் கேட்காத எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனில் நல்ல வாசிப்பு ஒன்றைப் போட்டு, மேசையில் தட்டிக்கொண்டே கேளுங்கள்.

மற்றச் சொற்களைப் படிக்கும்போது எதிர்ப்பட்டால் தேடிக்கொள்ளலாம். அதற்கு எம். எச். ஏப்ரம்ஸின் ‘எ குளோசரி ஒவ் லிற்றரரி ரேர்ம்ஸ்’ நல்லது. 1957இல் முதலில் வந்த நூல், பல பதிப்புகள் கண்டுவிட்டது. உங்களுக்குப் பழைய பதிப்பே போதும்.