அமெரிக்காவில் மனநல மருத்துவ ரெசிடென்ட்டுகள் (சிறப்புப் பயிற்சியில் உள்ள மருத்துவர்கள்) ஆன்-கால் பணியோடு (அவசர அழைப்புகளைக் கவனிக்கும் முறைப்பணி) மூன்லைட்டிங்கும் (பயிற்சிக்கு அப்பால் கூடுதல் சம்பளத்துக்குப் பார்க்கும் மருத்துவ வேலை) செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நான்கு ஆண்டுப் பயிற்சியில் முதல் ஆண்டில் கூடாது. அதன்பின் பயிற்சித் திட்ட இயக்குநரின் அனுமதி தேவை. ஜே-1 விசாவில் (வெளிநாட்டவர் பயிற்சிக்காக வரும் பரிமாற்ற விசா) இருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

பலர் கோட்டைவிடுவது நேரக் கணக்கில்தான். மருத்துவர் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏசிஜிஎம்இ-யின் விதிப்படி நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரமே உச்சவரம்பு. மூன்லைட்டிங் நேரமும் அதற்குள் அடக்கம். பயிற்சி பெறும் மருத்துவமனைக்கு வெளியே வேலை பார்ப்பதானால், தவறு நேர்ந்தால் காக்கும் காப்பீடு யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்-கால் இரவை எண்ணிப்பாருங்கள். அதிகாலை மூன்று மணி. தற்கொலை எண்ணத்தோடு வந்தவர் "இப்போது பரவாயில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்கிறார். அனுப்புவதா, சேர்ப்பதா? அவர் கண்களையும், உடன் வந்த தங்கையின் தயக்கத்தையும் கவனிக்கத் தெளிந்த மனம் வேண்டும். கடன் எவ்வளவு நெருக்கினாலும், ஆன்-காலுக்கு முந்தைய இரவில் மூன்லைட்டிங்கை ஏற்காதீர்கள்.